ஐந்தைக் கழிக்கவும்

சென்ற மாதம் எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு நின்றுபோனது. புதிய பற்றறி போட்டும் ஓடவில்லை. எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவதே முறை என்றார் மனைவி. திருத்தக் கொடுத்தால் கூலி அதன் விலையைத் தாண்டும் என்பதால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் விடுமுறைக்கு வந்திருந்த பேரன் என் பக்கத்தில் வந்து நின்று, "அம்மப்பா, இதைக் கழட்டிப் பாப்பமா?" என்று கேட்டான். இப்படியொரு அழைப்பு எனக்குக் கிடைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மறுக்க மனம் வரவில்லை.

ஆய்வு என்றால் முறைப்படி நடக்கவேண்டும். ஒரு கொப்பியை எடுத்து, நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். நோக்கம்: மணிக்கூட்டினுள் நேரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டறிதல். தேவையான உபகரணங்கள்: திருப்புளி ஒன்று, பழைய பத்திரிகை ஒன்று, அம்மம்மா குசினியில் இருக்கும் அரை மணித்தியாலம். பத்திரிகையை விரித்தபோது அதில் நான் எழுதிய பழைய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. அதன்மேலேயே அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினோம். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழில் செய்தவனுக்கு இது புதிய அவமானம் அல்ல.

உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கைக்குள் அடங்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டி. அதனுள் செப்புக் கம்பிச் சுருள், நான்கைந்து வெள்ளைப் பற்சில்லுகள், அரிசிமணியை விடச் சற்றுப் பெரிய உலோக உருளை ஒன்று. அந்த உருளைக்குள் இருக்கும் பளிங்குத் துண்டு ஒரு செக்கனில் 32,768 தடவை அதிர்கிறது என்றேன். ஏன் அந்த எண் என்று கேட்டான். இரண்டால் வகுத்துக்கொண்டே போகச் சொன்னேன். பதினைந்தாம் தடவை ஒன்று வந்தது. அந்த ஒன்றுதான் செக்கன் முள்ளின் ஒரு துடிப்பு. கணக்கு அவனுக்குப் பிடித்தது, மணிக்கூடு பிடிக்கவில்லை. "அவ்வளவுதானா?" என்றான். அவன் முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்த்தபோதுதான், எனது முதலாவது ஆய்வைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது. அதன் முடிவுகள் இதுவரை எங்கும் வெளியிடப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், கண்ணாடிக் கதவும் ஊசலும் கொண்ட எட்டு நாள் மணிக்கூடு ஒன்று தொங்கியது. ஒருமுறை திறப்புக் கொடுத்தால் எட்டு நாள் ஓடும் என்பதால் அந்தப் பெயர். மணிக்கு மணி அதற்குரிய எண்ணிக்கையிலும், அரை மணிக்கு ஒரு தடவையும் அடிக்கும். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு 90 அடி, நாளொன்றுக்கு 180. ஐயா வாங்கிய பொருள்களில் வீட்டைத் தவிர விலை கூடியது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஐயா புகையிரதத் திணைக்களத்தில் நிலைய அதிபர். வன்னியில் ஒரு சிறிய நிலையத்தில் வேலை. யாழ்தேவி ஓடத் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. வடபகுதிப் பாதை ஒற்றைத் தண்டவாளம் என்பதால், எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் எது எங்கே ஒதுங்கி நிற்பது என்பதில் ஒரு நிமிடம் பிசகினாலும் அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். போர்க்காலத்தில், 1942 இல், இலங்கையின் நேரத்தை அரசாங்கம் முன்தள்ளி வைத்ததையும் 1945 இல் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததையும் இளம் உத்தியோகத்தராகக் கண்டவர். நேரத்தோடு விளையாடுவது அரசாங்கத்துக்கே அழகல்ல என்பது அவர் கட்சி. சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவார். ஞாயிறு காலை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, கதிரையில் ஏறி மணிக்கூட்டுக்குத் திறப்புக் கொடுப்பார். திறப்புத் துளைகள் இரண்டு. ஒன்று முள்ளை ஓட்டும் வில்லுக்கு. மற்றது மணி அடிக்கும் வில்லுக்கு. வேறெவரும் தொடக்கூடாது. கிழமையில் ஐந்து நாள் ஐயா வீட்டில் இல்லையென்றாலும், அந்த ஐந்து நாளும் சுவரில் இருந்தது ஐயாதான்.

1961 ஓகஸ்ட் விடுமுறை. எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஏழு. பக்கத்து வீட்டு அண்ணரிடம் இரவல் வாங்கிய பௌதிகவியல் புத்தகத்தில் ஊசலைப் பற்றிப் படித்திருந்தேன். ஊசல் ஆடும் நேரம் அதன் பாரத்தைப் பொறுத்ததல்ல, நீளத்தைப் பொறுத்தது என்று எழுதியிருந்தது. புத்தகத்தில் இருப்பதையெல்லாம் நம்பிவிடுவது விஞ்ஞானிக்கு அழகா? அம்மா சந்தைக்குப் போகும்வரை காத்திருந்து, படலைப் பூட்டை எடுத்து ஊசற்குண்டின் நடுவில் கட்டினேன். வீட்டில் வேறு மணிக்கூடு இல்லை. தேவாலயத்தில் ஆடிய விளக்கைக் கலிலியோ தன் நாடித் துடிப்பால் அளந்தார் என்றொரு கதை உண்டு. எனக்கு என் கைகள் தேவைப்பட்டதால் தங்கையின் நாடியைப் பயன்படுத்தினேன். முதல் அளவீட்டில் பூட்டுக் கட்டிய ஊசல் மெதுவாக ஆடுவதாகத் தெரிந்தது. இரண்டாம் அளவீட்டில் இன்னும் மெதுவாக ஆடியது. பிறகுதான் காரணம் விளங்கியது. அம்மா வந்துவிடுவாவோ என்ற பயத்தில் தங்கையின் நாடி வேகமாகிக்கொண்டே போயிருக்கிறது. தன்பக்கக் குறையை ஊசலின் தலையில் போட்டதற்காக அவளைக் கண்டித்துவிட்டு, கலிலியோவுக்கு நற்சான்று வழங்கி, பூட்டைக் கழற்றிப் படலையில் மாட்டினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஊசலை விடப் பெரிய கேள்வியொன்று எனக்கு இருந்தது. மூன்று மணிக்கு மூன்று தடவைதான் அடிக்கவேண்டும் என்று மணிக்கூட்டுக்கு எப்படித் தெரியும்? முள் ஓடுவது விளங்கியது. எண்ணத் தெரிந்த இரும்பு விளங்கவில்லை. முள் காட்டும் இடத்தைப் பார்த்து உள்ளே ஏதோவொன்று எண்ணுகிறது என்பது என் கருதுகோள்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி அடித்து ஓய்ந்த கையோடு, அம்மா ஒரு செத்தவீட்டுக்குப் புறப்பட்டுப் போனா. வீட்டில் ஆச்சி மட்டும். அவவும் விறாந்தையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தா. மணிக்கூட்டை இறக்கி மேசையில் வைத்து முட்களைக் கழற்றினேன். முகத்தட்டைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளையும் கழற்றித் தங்கையின் உள்ளங்கையில் வைத்தேன். அவள்தான் ஆய்வுகூட உதவியாளர். "அண்ணை, திரும்பப் பூட்டுவியோ?" என்று அவள் கேட்டாள். விஞ்ஞானத்தின் பாதையில் இத்தகைய கேள்விகள் எப்போதும் கேட்கப்பட்டே வந்திருக்கின்றன.

முகத்தட்டின் பின்னால் நான் தேடியது கண்ணெதிரே இருந்தது. விளிம்பில் வெட்டுகள் கொண்ட பித்தளைச் சில்லு. வெட்டுகளுக்கிடையே உள்ள தூரம் சீராக இல்லாமல் படிப்படியாகக் கூடிக்கொண்டே போய், ஒரு சுற்று முடியும் இடத்தில் சட்டென்று குறைந்தது. மெல்லிய கம்பியொன்று அந்த விளிம்பைத் தடவியபடி நிற்கிறது. கம்பி வெட்டுக்குள் விழுந்தால் அடி நிற்கும். மேட்டில் நிற்கும்வரை சுத்தியல் அடித்துக்கொண்டே இருக்கும். நீண்ட மேடு பன்னிரண்டு அடி, குறுகிய மேடு இரண்டு அடி. இவ்வளவுதான் அதன் கல்வி. முள்ளுக்கும் இந்தச் சில்லுக்கும் உள்ள உறவு மிகச் சொற்பம். மணி ஆகிவிட்டது என்று முள் ஒரு தட்டுத் தட்டும். எத்தனை மணி என்று சொல்லாது. சில்லு தன்பாட்டில், போன தடவை விட்ட இடத்திலிருந்து தொடரும். முள் ஏழில் நிற்கிறதா ஒன்பதில் நிற்கிறதா என்று அது ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் கருதுகோள் பொய்த்தது. பொய்த்த கருதுகோள் அவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று அதற்கு முன் நான் அறிந்திருக்கவில்லை.

சரி, அந்தக் கம்பி வெட்டுக்குள் விழவே விடாமல் பிடித்துவைத்தால்? தங்கையின் தலையிலிருந்த நாடாவை அவிழ்த்துக் கம்பியை மேலே தூக்கிக் கட்டினேன்.

மணிக்கூடு அடிக்கத் தொடங்கியது. பன்னிரண்டைத் தாண்டி, இருபதைத் தாண்டி, முப்பதையும் தாண்டியது. நான் போட்ட முடிச்சு இறுகிவிட்டது. கைநடுக்கத்தில் அவிழ்க்க முடியவில்லை. சுத்தியலை விரலால் பிடித்தேன். வில்லின் பலம் விரலுக்குள் உதைத்தது. பயந்து விட்டுவிட்டேன். தங்கை அழுதுகொண்டே எண்ணினாள். எண்ணுவதை நிறுத்தவில்லை என்பதற்காக அவளை இன்றைக்கும் மெச்சுகிறேன். விறாந்தையிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது: "எட பிள்ளையள், நூறு மணியும் ஆச்சோடா?" கடைசியில் பாக்குவெட்டியால் நாடாவை வெட்டினேன். கம்பி விழுந்தது. அடி நின்றது. தங்கையின் கணக்கு 124.

முகத்தட்டைத் திரும்பப் பூட்டும்போது அவள் கையில் மூன்று ஆணிகளே இருந்தன. மேசையின் கீழ், பாயின் கீழ், ஆச்சியின் வெற்றிலைத் தட்டத்தின் கீழ் எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. மூன்றோடு பூட்டி, சுவரில் மாட்டி, முட்களைப் பத்து மணி பத்து நிமிடத்தில் வைத்து மெல்ல முன்னே தள்ளினேன். பத்தரைக்கு ஒன்று அடித்தது; உயிர் வந்தது. பதினொன்றுக்கு நான்கு அடித்தது.

சனிக்கிழமை மாலை ஐயா வந்தார். அவர் கால்முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஏழு மணியாகி, மணிக்கூடு பன்னிரண்டு அடித்தது. நீர் வார்க்கும் சத்தம் நின்றது. துவாயால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தமது கைக்கடிகாரத்தை எடுத்து ஒப்பிட்டார். முள் சரியாகத்தான் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் காலை கதிரையில் ஏறி வழக்கம்போலத் திறப்புக் கொடுத்தார். கண்ணாடிக் கதவை மூடுமுன் அவருடைய பெருவிரல் முகத்தட்டின் ஓரத்தில், ஆணி இல்லாத துளையில், சற்று நேரம் நின்றது. இறங்கி வந்து என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார் என்று சொல்லமுடியாது. நான் நின்ற திசையைப் பார்த்தார். பிறகு பொதுவாக எல்லோருக்கும் சொன்னார்: "அடிக்கிறதிலை அஞ்சைக் கழிச்சால் சரி."

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஐயாவுக்கு நேரம் பார்க்கத்தான் தெரியும், மணிக்கூட்டு வேலை தெரியாது. ஆகவே இது எப்படி நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை என முடிவுசெய்தேன். இதுவே எனது ஆய்வின் மிகப் பெரிய தவறு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் ஐந்தைக் கழித்தோம். ஒன்று அடித்தால் எட்டு மணி, பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும். ஒன்பது அடித்தால் விடிய நான்கு, அம்மா எழும்பித் தேத்தண்ணி வைக்கும் நேரம். வந்த விருந்தாளிகள் திடுக்கிடுவார்கள்; நாங்கள் கவனிக்கவே மாட்டோம். நான் கொழும்புக்கு வந்து பத்திரிகையில் சேர்ந்தேன். ஐயா ஓய்வு பெற்றார். 1986 இல் காலமானார். ஐந்து ஐந்தாகவே இருந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது அம்மாவும் தங்கை குடும்பமும் தென்மராட்சிக்குப் போனார்கள். அந்த இரவைப் பற்றி நான் வேறு இடங்களில் எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு மே மாதம் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் கதவுகள் இல்லை, ஓடுகளில் பாதி இல்லை. மணிக்கூடு சுவரில் இருந்தது. கண்ணாடியும் ஊசலும் மட்டும் போயிருந்தன.

வாரக்கணக்கில் தாமதித்து வந்த தங்கையின் கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன். படலையும் கதவும் இல்லாதபடியால் பூட்டு சும்மா கிடந்ததாம். அதை ஒரு கம்பியில் கட்டி ஊசலாகத் தொங்கவிட்டாளாம். ஓடியது. பின்தங்கினால் கம்பியைச் சுருக்கியும் முந்தினால் நீட்டியும் ஒரு கிழமையில் சரிக்கட்டிவிட்டாள். அந்த நீள ஊசலில் ஒரு மில்லிமீற்றர் கூடினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் பின்தங்கும்; அவள் செய்தது சிறிய காரியமல்ல. "உன்ரை ஆராய்ச்சி முப்பத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு உதவிச்சுது, அண்ணை" என்று எழுதியிருந்தாள்.

அப்போது பார்த்து நாட்டின் நேரம் மாறியது. மழை பொய்த்து நீர்மின் தட்டுப்பாடு வந்ததால் 1996 மே 25 இல் இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. ஒக்டோபர் 26 இல் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை எங்களோடு இருந்தது. வன்னியில் புலிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. நாட்டுக்குள் இரண்டு நேரம். ஆசிரியபீடத்தில் எங்களுக்கு வந்த தலையிடி வேறு வகை. அந்த ஆண்டுக்கான பஞ்சாங்கம் ஏப்ரலிலேயே அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டது. இராகு காலம் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளை எண்ணினால் தங்கையின் 124 ஐத் தாண்டும். மரண அறிவித்தல்களில்கூட எந்த நேரம் என்று குறிப்பிட வேண்டியிருந்தது. பிணத்துக்கும் இரண்டு நேரம்.

அம்மா தன் மணிக்கூட்டைப் பழைய நேரத்திலேயே வைத்திருந்தா. இதையும் தங்கைதான் எழுதியிருந்தாள். கடிதத்தின் கடைசிப் பந்தியில் ஒரு வரி. திரும்ப ஓடத் தொடங்கியபோது அடிக்கும் கணக்கு மாறிவிட்டது. அம்மா பக்கத்தில் நின்று, ஐந்து வித்தியாசம் வரும்வரை அந்தக் கம்பியை விரலால் தூக்கித் தூக்கி விடச் சொன்னா, அரை நிமிட வேலைதான்.

இந்த வரியை நான் பல தடவை படித்தேன். அரை நிமிட வேலை. அம்மாவுக்கு அது தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தது ஐயாவிடமிருந்துதான் தெரிந்திருக்கும். அப்படியானால் அந்த ஞாயிறு காலை கதிரையில் நின்றவருக்கு, அதன் பிறகு வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஞாயிறுகளிலும், விரலை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதுமாயிருந்தது.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபின் ஊருக்குப் போனேன். ஓமந்தையில் அரச பகுதியைத் தாண்டி வன்னிக்குள் நுழைந்ததும் சாரதி தன் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே வைத்தார். முகமாலையைத் தாண்டியதும் முன்னே வைத்தார். நான் என்னுடையதைத் தொடவில்லை. வீட்டுக்குள் போனபோது கூடத்து மணிக்கூடு நான்கு காட்டியது, அரசாங்கத்துக்கு நான்கரை. ஒன்பது அடித்து ஓய்ந்தது. கீழே படலைப் பூட்டு ஆடிக்கொண்டிருந்தது.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன்.

"ஐயாவுக்குத் தெரியுமோ?"

"என்னத்தை?"

"நான்தான் கழட்டினது எண்டு."

அம்மா சிரித்தா. "அண்டைக்குச் சனிக்கிழமை அடிச்ச முதல் மணியிலேயே தெரியும். ஆணி ஒண்டு இல்லை எண்டும் வந்து சொன்னவர்."

"பின்னை ஏன் பேசேல்லை? ஏன் திருத்தேல்லை?"

"நானும் கேட்டனான். அவன் வந்து சொல்லட்டும், சொன்ன உடனை திருத்திறன் எண்டார்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி மணிக்கூடு சொல்லிக்கொண்டிருக்கட்டும் எண்டார்."

மந்திரிமாரிடமும் அதிகாரிகளிடமும், நடந்ததை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். 1961 இலிருந்து 1986 வரை ஐயா எத்தனையோ மாலைகளில் அந்த மணிக்கூட்டின் கீழே சாய்மனைக் கதிரையில் இருந்து என்னோடு அரசியல் பேசியிருக்கிறார். பேச்சுக்கு நடுவில் மணி அடிக்கும். அடித்து முடியும்வரை அவர் வாயைத் திறக்கமாட்டார். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அம்மா உறங்கிய பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். முகத்தட்டைக் கழற்றத் தேவையில்லை. கண்ணாடி இல்லாதபடியால் கையைப் பின்னால் விட முடிந்தது. கம்பி விரலுக்குத் தட்டுப்பட்டது. சுத்தியலுக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையில் என் கைலேஞ்சியை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கி விட்டேன். மணிக்கூடு பத்து காட்டியது, இனிப் பத்துத்தான் அடிக்கும் என்ற நிலைக்குக் கொண்டுவந்து இறங்கினேன். மறுநாள் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துத் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணை, மணிக்கூட்டுக்கு என்ன செய்துபோட்டுப் போனனி? அம்மா ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பது அடிக்க, நாலு மணி எண்டு எழும்பித் தேத்தண்ணி வைக்கிறா."

திருத்திவிட்டேன் என்றேன். எவ்வளவு சொல்லியும் அம்மாவின் மனக்கணக்கு மாறமாட்டேன் என்கிறது என்றாள்.

"இப்ப என்ன செய்யப்போறாய்?"

"பழையபடி அஞ்சிலை விட்டிட்டன்" என்றாள்.